போட்டோ எடிட்டிங்குக்கு மானிட்டரைக் காலிபரேட் செய்வது எப்படி: அறை வெளிச்சத்திலிருந்து ஆல்பம் பிரின்ட் வரை

கல்யாண ஆல்பம் வீட்டுக்கு வந்ததும் வரும் புகார்கள் பெரும்பாலும் இரண்டுதான். "போட்டோ எல்லாம் இருட்டா இருக்கே" என்பது ஒன்று. "முகூர்த்தப் புடவை இந்தக் கலரே இல்லையே" என்பது இன்னொன்று. போட்டோகிராபர் பிரின்ட் போடும் லேப்காரரைக் கைகாட்டுவார், லேப்காரர் ஃபைலைக் கைகாட்டுவார். பல நேரம் கோளாறு இருவரிடமும் இருக்காது. எடிட் செய்த மேஜையில் இருக்கும் மானிட்டரில் இருக்கும்.

புதிதாக வாங்கிய மானிட்டர் பளிச்சென்று தெரிய வேண்டும் என்றுதான் கம்பெனியில் செட் செய்து அனுப்புகிறார்கள். வெள்ளை 250 நிட் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவுக்குப் பிரகாசமாகவும், கொஞ்சம் நீலம் ஓடியும் இருக்கும். பேப்பருக்கு அப்படிச் சொந்த வெளிச்சம் கிடையாது, மேலே விழும் வெளிச்சத்தைத் திருப்பித் தருவதோடு சரி. 250 நிட் திரையில் முகம் வெளுத்துத் தெரிவதால் எக்ஸ்போஷரைக் குறைக்கிறோம். வெள்ளை நீலமாகத் தெரிவதால் நம்மை அறியாமலே மஞ்சளைக் கூட்டுகிறோம். பிரின்டில் அந்த இரண்டும் அப்படியே வந்து உட்காரும்: இருட்டும், மஞ்சள் ஏறிய முகமும். 250-க்கும் 100-க்கும் உள்ள வித்தியாசம் கிட்டத்தட்ட ஒன்றே கால் ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு). ஒரு படத்தைக் கெடுக்க அது தாராளமாகப் போதும்.

ஆகவே இந்த வழிகாட்டியில் வெளிச்ச அளவுக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன். கலரைப் பற்றியே எல்லாரும் பேசுகிறார்கள். ஆனால் பிரைட்னஸை மட்டும் சரியான இடத்தில் வைத்தாலே பாதிக்கு மேற்பட்ட புகார்கள் நின்றுவிடும்.

இரண்டு வேலைகள், ஒரே பெயர்

காலிபரேஷன் என்று பொதுவாகச் சொல்வதற்குள் இரண்டு தனி வேலைகள் இருக்கின்றன. முதலாவது, மானிட்டரின் வெள்ளை, வெளிச்சம், காமா (கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவிலுள்ள படிகள் எவ்வளவு வெளிச்சமாகத் தெரியும் என்பது) மூன்றையும் நமக்குத் தெரிந்த ஓர் அளவுக்குக் கொண்டுவருவது. இரண்டாவது, அப்படிக் கொண்டுவந்த மானிட்டர் ஒவ்வொரு நிறத்தையும் உண்மையில் எப்படிக் காட்டுகிறது என்று அளந்து ஒரு ஃபைலில் எழுதி வைப்பது. அந்த ஃபைல்தான் ஐசிசி ப்ரொஃபைல். அடோபி, ஆப்பிள், கோடாக், மைக்ரோசாஃப்ட் உள்ளிட்ட எட்டு கம்பெனிகள் சேர்ந்து 1993-இல் தொடங்கிய இன்டர்நேஷனல் கலர் கன்சார்ட்டியம் என்ற அமைப்பின் பெயரால் அதை இப்படி அழைக்கிறார்கள்.

போட்டோஷாப் போன்ற மென்பொருள் அந்த ப்ரொஃபைலைப் படித்து, இந்த மானிட்டரில் சிவப்பு சற்று ஆரஞ்சாக விழும் என்று தெரிந்துகொண்டு, அனுப்பும் எண்களை அதற்கேற்ப மாற்றி அனுப்பும். ப்ரொஃபைலைப் படிக்காத மென்பொருளுக்கு முதல் வேலையின் பலன் மட்டும்தான் கிடைக்கும். அதாவது வெள்ளையும் சாம்பலும் சரியாக இருக்கும், மற்ற நிறங்கள் மானிட்டரின் இயல்புப்படியே விழும். ஒரே படம் போட்டோஷாப்பில் ஒரு மாதிரியும் வேறொரு வியூவரில் வேறு மாதிரியும் தெரிவதற்கு இதுதான் காரணம். காலிபரேஷன் தவறிவிட்டது என்று அதற்காகப் பதறவேண்டாம்.

நாம் குறிவைக்கும் எண்கள் இவை:

- வெள்ளை: டி65, அதாவது சுமார் 6500 கெல்வின். நிற வரைபடத்தில் அதன் துல்லியமான இடம் எக்ஸ் 0.3127, ஒய் 0.3290.
- காமா: 2.2.
- வெளிச்சம்: ஒரு சதுர மீட்டருக்கு 100 கேண்டெலா. 100 நிட் என்பதும் இதுதான். அறையைப் பொறுத்து 80-லிருந்து 120 வரை போகலாம்.

ஹெச்பியும் மைக்ரோசாஃப்டும் திரை நிறங்களுக்காக 1996-இல் உருவாக்கிய எஸ்ஆர்ஜிபி தரமும் டி65 வெள்ளையை வைத்துத்தான் எழுதப்பட்டது. அதில் சொல்லப்பட்ட திரை வெளிச்சம் 80 நிட். இன்றைய அறைகளின் வெளிச்சத்துக்கு 80 கொஞ்சம் குறைவு என்பதால் 100-இலிருந்து தொடங்கச் சொல்கிறேன்.

கண்ணை நம்பக்கூடாத இடம்

கண்ணால் பார்த்தே சரிசெய்ய முடியாதா என்று கேட்பார்கள். வெளிச்சத்தை ஓரளவுக்கு முடியும், வெள்ளையை முடியாது. நம் கண் எந்த வெள்ளைக்கும் சில நிமிடங்களில் பழகிவிடும். நீலம் ஓடும் திரை முன்னால் பத்து நிமிடம் உட்கார்ந்தால் அதுவே சுத்த வெள்ளையாகத் தெரியும். விண்டோஸில் உள்ள டிஸ்ப்ளே காலிபரேஷன் விஸார்டும் கண்ணைத்தான் கேட்கிறது. மோசமாகக் கலைந்து கிடக்கும் திரையை ஓரளவு ஒழுங்குக்குக் கொண்டுவர மட்டும் அது உதவும்.

அதனால் கலரிமீட்டர் தேவை. திரையின் மேல் வைத்து அளக்கும் சின்னக் கருவி அது. இப்போது சந்தையில் முக்கியமாக இரண்டு குடும்பங்கள்: காலிபிரைட், டேட்டாகலர் கம்பெனியின் ஸ்பைடர். எக்ஸ்-ரைட் என்ற பெயரில் வந்த போட்டோ கருவிகள்தான் 2021-க்குப் பிறகு காலிபிரைட் பெயரில் வருகின்றன. பழைய கருவி வாங்குவதென்றால் 2011-இல் வந்த ஐ1டிஸ்ப்ளே ப்ரோ அல்லது கலர்மங்கி டிஸ்ப்ளே தேடலாம். இரண்டுக்கும் உள்ளிருக்கும் சென்சார் ஏறத்தாழ ஒன்றே, பின்னது மெதுவாக அளக்கும். அதற்கும் முந்தைய தலைமுறைக் கருவிகளை விலை குறைவு என்று வாங்கவேண்டாம். அவற்றின் நிற வடிகட்டிகள் வயதாக ஆக மங்கி, தவறான அளவைத் தரும்.

என் கருத்து ஒன்று. இந்தக் கருவி மாதத்துக்கு ஒருமுறை அரைமணி நேரம் வேலை செய்யும், மற்ற நாளெல்லாம் டிராயரில்தான் கிடக்கும். ஒரே ஊரில் உள்ள நாலைந்து ஸ்டுடியோக்காரர்கள் சேர்ந்து ஒன்று வாங்கிக் கைமாற்றிக்கொள்ளலாம். அப்படிச் செய்தால் எல்லாருடைய திரையும் ஒரே கருவியால் அளக்கப்பட்டிருக்கும், ஒருவர் எடிட் செய்ததை இன்னொருவர் திறந்து பார்க்கும்போதும் நிறம் மாறித் தெரியாது.

கருவி இல்லாமல் வெளிச்சத்தை அளக்க

கலரிமீட்டர் வாங்கும் வரை சும்மா இருக்கவேண்டியதில்லை. கேமராவுக்குள்ளேயே ஒரு மீட்டர் இருக்கிறது.

திரை முழுவதும் வெள்ளையாக ஒரு படத்தைத் திறந்து வையுங்கள். அறை விளக்கை அணைத்துவிடுங்கள். கேமராவை மேனுவல் மோடில், ஐஎஸ்ஓ 100, எஃப்/4, ஸ்பாட் மீட்டரிங்கில் வைத்து, திரையின் நடுப்பகுதியைக் குறிபார்த்து, மீட்டர் ஊசி சுழியத்துக்கு வரும்வரை ஷட்டரை மாற்றுங்கள். 1/50-இல் சுழியம் வந்தால் திரை சுமார் 100 நிட். 1/125-இல் வந்தால் சுமார் 250 நிட். 1/60 என்றால் 120. கேமராவுக்குக் கேமரா, லென்ஸுக்கு லென்ஸ் சற்று ஏறி இறங்கும். ஆனாலும் 100-ஐயும் 250-ஐயும் பிரித்துக் காட்ட இது போதும்.

இப்போது மானிட்டரின் பிரைட்னஸைக் குறைத்துக்கொண்டே வந்து 1/50-க்குக் கொண்டுவாருங்கள். பல மானிட்டர்களில் அது 20-க்கும் 40-க்கும் நடுவில் எங்காவது நிற்கும். முதல் பார்வையில் திரை செத்துப்போனது போலத் தெரியும். ஒருநாள் வேலை செய்தால் பழகிவிடும், கண் எரிச்சலும் குறையும்.

இதே முறையில் இன்னொன்றையும் பார்க்கலாம். வாடிக்கையாளருக்குப் பிரின்டைக் காட்டும் இடத்தில் ஒரு வெள்ளை பிரின்ட் பேப்பரை வைத்து அதே கேமரா அமைப்பில் அளந்து பாருங்கள். பேப்பரும் திரையும் ஒரே ஷட்டரில் வந்தால் இரண்டும் ஒரே வெளிச்சத்தில் இருக்கின்றன என்று அர்த்தம். இதன் கணக்கு எளிது: பேப்பர் மேல் விழும் லக்ஸ் அளவை 3.14-ஆல் வகுத்து, பேப்பர் திருப்பித்தரும் பங்கால் பெருக்கவேண்டும். 350 லக்ஸ் வெளிச்சத்தில், 85 சதவீதம் திருப்பும் பேப்பர் ஏறத்தாழ 95 நிட் வெள்ளையைத் தரும். 100 நிட் என்ற இலக்கு இப்படி வருவதுதான். உங்கள் வாடிக்கையாளர் ஆல்பத்தை 150 லக்ஸ் ஹாலில் பார்ப்பவர் என்றால் திரையை 80-க்கு இறக்குவதே நியாயம்.

அறையை முதலில் ஒழுங்குபடுத்துங்கள்

திரைக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் மேஜையைத் திருப்பிப் போடுங்கள். பக்கவாட்டில் ஜன்னல் இருந்தால் கனமான திரைச்சீலை. காலையில் ஒரு வெளிச்சம், மாலையில் வேறொரு வெளிச்சம் என்று மாறும் அறையில் எந்தக் கருவியாலும் பலன் இல்லை, ஏனென்றால் கண்ணின் தீர்ப்பு அறையோடு சேர்ந்து மாறிக்கொண்டே இருக்கும்.

நம் வீடுகளில் சுவருக்குப் பச்சை, ரோஸ், வெளிர் ஆரஞ்சு அடிப்பது வழக்கம். எடிட்டிங் மேஜைக்கு நேர்பின்னால் உள்ள சுவரும், திரைக்கு எதிரே நம் முதுகுப்பக்கச் சுவரும் மட்டுமாவது வெளிர் சாம்பலோ வெள்ளையோ ஆக இருக்கட்டும். விளக்கு 5000-லிருந்து 6500 கெல்வினுக்குள், சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்ற அளவு) 90-க்கு மேல் இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். அதை நேராகத் திரையில் விழாதபடி மானிட்டருக்குப் பின்பக்கச் சுவரை நோக்கி வையுங்கள். டெஸ்க்டாப் வால்பேப்பரை வெறும் சாம்பல் நிறமாக மாற்றுங்கள். அடர் சிவப்புச் சட்டை போட்டு உட்கார்ந்தால் அதன் பிரதிபலிப்பு பளபளப்பான திரையில் விழும், அதையும் கவனியுங்கள்.

மானிட்டரின் வித்தைகளை நிறுத்துதல்

படத்தை அழகாக்குகிறேன் என்று மானிட்டரும், கிராஃபிக்ஸ் கார்டும், விண்டோஸும் தனித்தனியே செய்யும் மாற்றங்கள் ஏராளம். அளப்பதற்கு முன் எல்லாவற்றையும் நிறுத்தவேண்டும். ஒன்று மிச்சமிருந்தாலும் எடுத்த அளவு வீண்.

மானிட்டர் மெனுவில் டைனமிக் கான்ட்ராஸ்ட், ஈகோ மோட், லோ புளூ லைட், தானாகப் பிரைட்னஸ் மாற்றும் சென்சார், கேம் மோடுகள், ஷார்ப்னஸ் கூட்டும் வசதிகள் எல்லாம் ஆஃப். விண்டோஸில் நைட் லைட், ஹெச்டிஆர், ஆட்டோ கலர் மேனேஜ்மென்ட் ஆஃப். மேக்கில் நைட் ஷிஃப்டும் ட்ரூ டோனும் ஆஃப். என்விடியா கார்டில் டிஜிட்டல் வைப்ரன்ஸை அதன் இயல்பு அளவிலேயே விடுங்கள். ஏஎம்டி லேப்டாப்பில் வேரி-பிரைட், இன்டெல் லேப்டாப்பில் டிஸ்ப்ளே பவர் சேவிங் இருந்தால் அவையும் ஆஃப்.

எச்டிஎம்ஐ கேபிளில் இணைத்திருப்பவர்கள் ஒரு விஷயத்தைக் கட்டாயம் பார்க்கவேண்டும். கிராஃபிக்ஸ் கார்டு சில நேரம் மானிட்டரை டிவி என்று நினைத்து 0-லிருந்து 255 வரை அனுப்பவேண்டியதை 16-லிருந்து 235-க்குள் சுருக்கி அனுப்பும். கறுப்பு சாம்பலாகவும் படம் முழுக்கப் பனி மூடியது போலவும் தெரியும். கார்டின் கண்ட்ரோல் பேனலில் அவுட்புட் டைனமிக் ரேஞ்ச் என்பதை ஃபுல் என்று மாற்றினால் சரியாகிவிடும். இதைச் செய்யாமல் காலிபரேட் செய்து குழம்பியவர்கள் நிறைய.

கடைசியாக மானிட்டரை ஃபேக்டரி ரீசெட் செய்து, பிக்சர் மோடை கஸ்டம் அல்லது யூசர் என்பதில் வையுங்கள். எஸ்ஆர்ஜிபி மோடு என்று ஒன்று இருக்கும், பல மானிட்டர்களில் அது பிரைட்னஸையும் ஆர்ஜிபி கட்டுப்பாடுகளையும் பூட்டிவிடும். உங்கள் மானிட்டரில் அது பிரைட்னஸை மாற்ற விட்டால் அந்த மோடையே எடுத்துக்கொண்டு அதன் மேல் ப்ரொஃபைல் செய்வதும் நல்ல வழிதான்.

அளத்தல்

திரையை உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் துடையுங்கள். மானிட்டரை ஓட விட்டு அரைமணி நேரம் காத்திருங்கள். குளிர்ந்த பேக்லைட்டின் (திரைக்குப் பின்னிருந்து ஒளி தரும் விளக்கு) வெளிச்சமும் நிறமும் சூடானபின் நகரும். ஸ்கிரீன் சேவரும் ஸ்லீப்பும் ஆஃப். அறை விளக்கையும் அணைத்துவிடுங்கள்.

மென்பொருளைப் பொறுத்தவரை, முதல் தடவை செய்பவர்களுக்குக் கருவியோடு வருவதே போதும். கொஞ்சம் பழகிய பிறகு டிஸ்ப்ளேகால் என்ற இலவச மென்பொருளுக்கு மாறலாம். உள்ளே ஆர்கில் என்ற அளவீட்டு இயந்திரம் வேலை செய்கிறது. டிஸ்ப்ளேகாலை எழுதியவரின் கடைசி வெளியீடு 2019-இல் வந்தது. இப்போது அதைப் பைத்தான் 3 நிரல்மொழிக்கு மாற்றிய பதிப்பை ஆர்வலர்கள் பராமரித்து வருகிறார்கள். கீழே சொல்லும் வரிசை எந்த மென்பொருளுக்கும் பொருந்தும்.

1. முதலில் பேக்லைட் வகையைத் தேர்ந்தெடுக்கவேண்டும். கலரிமீட்டருக்குள் இருப்பது சில நிற வடிகட்டிகள்தான். வரும் ஒளியின் தன்மையை நாம் சொன்னால்தான் சரியாகக் கணக்குப் போடும். மானிட்டரின் விவரக்குறிப்பில் எஸ்ஆர்ஜிபி 99 சதவீதம் என்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் சாதாரண வெள்ளை எல்ஈடி. டிசிஐ-பி3 (எஸ்ஆர்ஜிபியைவிட விரிந்த நிற எல்லை) 95 சதவீதம் போல எழுதியிருந்தால் பெரும்பாலும் பிஎஃப்எஸ் பாஸ்பர் வகை. ஓஎல்ஈடிக்குத் தனித் தேர்வு உண்டு. இதைத் தவறாக வைத்தால் எல்லாம் ஒழுங்காக முடிந்தது என்று மென்பொருள் சொல்லும், ஆனால் வெள்ளை லேசாகப் பச்சையோ ரோஸோ ஓடும்.

2. இலக்குகளை இடுங்கள்: 6500 கெல்வின், காமா 2.2, வெளிச்சம் 100. கறுப்பின் அளவை மானிட்டர் தருகிறபடியே விடுங்கள்.

3. கருவியின் மேல் உள்ள வெள்ளை மூடியை விலக்கி, திரையின் நடுவில் தட்டையாகத் தொங்கவிடுங்கள். கேபிளில் உள்ள எடைக்கட்டி மானிட்டருக்குப் பின்னால் தொங்கவேண்டும். மானிட்டரைச் சற்றுப் பின்னால் சாய்த்தால் கருவி தானாகத் திரையோடு படிந்துவிடும். இடைவெளி இருந்தால் வெளிவெளிச்சம் உள்ளே புகுந்து கறுப்பின் அளவு கெடும். கருவியைக் கையால் அழுத்திப் பிடிக்கவேண்டாம், அழுத்தம் பட்ட இடத்தில் எல்சிடியின் நிறமே மாறும்.

4. மானிட்டர் பட்டன்களால் சரிசெய்யும் கட்டம் இது. நிதானமாகச் செய்யவேண்டியதும் இதுதான். கான்ட்ராஸ்டைத் தொடாதீர்கள், கூட்டினால் வெளுத்த பகுதிகளில் விவரம் அழிந்துபோகும். பிரைட்னஸை முதலில் 110 நிட் அருகே கொண்டுவாருங்கள். பிறகு ஆர்ஜிபி கெயின், அதாவது சிவப்பு, பச்சை, நீலம் மூன்றின் அளவு. உதாரணத்துக்கு, மூன்றும் 100-இல் இருக்கும்போது கருவி 7100 கெல்வின் என்று காட்டினால் நீலம் அதிகம் என்று பொருள். நீலத்தை 97, 95, 93 என்று படிப்படியாக இறக்குங்கள். 6500-க்குப் பக்கத்தில் வந்தபின் பச்சைப்பக்கம் சாய்கிறதா, மெஜந்தா பக்கம் சாய்கிறதா என்று பார்த்துப் பச்சையை ஒன்றிரண்டு மாற்றுங்கள். எப்போதும் அதிகமாக இருக்கும் நிறத்தைக் குறைப்பதுதான் முறை, குறைவாக இருப்பதை 100-க்கு மேல் ஏற்றக்கூடாது. ஒவ்வொரு நிறத்தைக் குறைக்கும்போதும் மொத்த வெளிச்சமும் இறங்கும் என்பதால்தான் 110-இல் தொடங்கினோம். கடைசியில் 100-க்கு வந்து நிற்கும்படி பிரைட்னஸை மறுபடி தொடுங்கள். இந்தச் சுற்றை இரண்டு மூன்று தடவை செய்தால் அமைந்துவிடும்.

5. அதன்பின் மென்பொருளை ஓடவிட்டு எழுந்து போய்விடுங்கள். திரையில் நிறக்கட்டங்கள் ஒவ்வொன்றாக வந்து போகும். கட்டங்களின் எண்ணிக்கையைப் பொறுத்து பத்து நிமிடத்திலிருந்து அரைமணி வரை ஆகும்.

6. முடிந்ததும் ப்ரொஃபைலுக்குத் தேதியும் நிட் அளவும் சேர்த்துப் பெயர் வைத்துச் சேமியுங்கள். மானிட்டர் மெனுவில் நீங்கள் வைத்த பிரைட்னஸ், ஆர்ஜிபி எண்களை ஒரு காகிதத்தில் எழுதி மானிட்டருக்குப் பின்னால் ஒட்டிவிடுங்கள். யாராவது பட்டனை மாற்றிவிட்டால் அந்த ப்ரொஃபைல் செல்லாது.

நான்காவது படியை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், மானிட்டர் பட்டனால் சரிசெய்யாத மிச்சத்தையெல்லாம் கிராஃபிக்ஸ் கார்டு சரிசெய்யவேண்டி வரும். 8 பிட்டில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான் இருக்கின்றன. அங்கே நீலத்தைப் பெரிதாக வெட்டினால் படிகள் குறைந்து, வானத்திலும் ஸ்டுடியோ பேக்டிராப்பிலும் பட்டை பட்டையாகத் தெரியும். ஐசோ கலர்எட்ஜ், பென்க்யூ எஸ்டபிள்யூ வரிசை போன்ற விலை உயர்ந்த மானிட்டர்களில் இந்தத் திருத்தம் மானிட்டருக்குள்ளேயே அதிக பிட் அட்டவணையில் நடக்கிறது. அவற்றின் விலைக்கு ஒரு முக்கியக் காரணம் அது. அப்படிப்பட்ட மானிட்டர் வைத்திருப்பவர்கள் அந்தந்தக் கம்பெனி தரும் காலிபரேஷன் மென்பொருளையே பயன்படுத்துங்கள்.

சரியாக வந்ததா?

மென்பொருள் டெல்டா ஈ என்ற எண்ணைக் காட்டும். கேட்ட நிறத்துக்கும் திரை காட்டிய நிறத்துக்கும் உள்ள தூரம் அது. 1 என்பது பழகிய கண் மட்டுமே கண்டுபிடிக்கும் வித்தியாசம். சராசரி 1-க்குக் கீழும், மிக மோசமான கட்டம் 3-க்குக் கீழும் இருந்தால் திருப்தியாக வேலை செய்யலாம். ஆனால் அளந்த அதே கருவிதான் இந்தத் தீர்ப்பையும் சொல்கிறது. பேக்லைட் வகையைத் தவறாக வைத்திருந்தால் இந்த எண் அதைக் காட்டிக்கொடுக்காது.

அதனால் கண்ணாலும் பாருங்கள். கறுப்பிலிருந்து வெள்ளை வரை போகும் சாம்பல் பட்டை ஒன்றைத் திறந்தால், நடுவில் எங்கும் ரோஸோ பச்சையோ எட்டிப்பார்க்கக்கூடாது. கறுப்புக்குப் பக்கத்துப் படிகளும் வெள்ளைக்குப் பக்கத்து 253, 254 படிகளும் தனித்தனியாகத் தெரியவேண்டும். லாகோம் என்ற தளத்தில் இதற்கான சோதனைப் பக்கங்கள் இலவசமாக இருக்கின்றன.

இறுதித் தீர்ப்பு பிரின்டில்தான். ஒரே ஃபைலில் இவற்றை அடுக்குங்கள்: நல்ல வெளிச்சத்தில் எடுத்த ஒரு முகம், மடிப்புகள் தெரியும் வெள்ளை வேட்டி, ஜரிகையோடு பட்டுப்புடவை, எண்ணெய் தேய்த்த கருங்கூந்தல், சாம்பல் பட்டை. லேபுக்கு அனுப்பும்போது "கலர் கரெக்ஷன் எதுவும் செய்யவேண்டாம்" என்று சொல்லி அனுப்புங்கள். பல லேப்களில் ஆபரேட்டர் தன் கண்ணுக்குப் பட்டபடி திருத்துவது வழக்கம், அது நடந்தால் சோதனைக்கு அர்த்தமில்லை. வந்த பிரின்டைத் திரைக்குப் பக்கத்தில் நல்ல விளக்கில் பிடித்துப் பாருங்கள். வேட்டியின் மடிப்புகள் இரண்டிலும் ஒரே மாதிரி தெரிகின்றனவா? கூந்தலில் இழைகள் பிரிகின்றனவா? நிறம் ஒத்து வெளிச்சம் மட்டும் குறைந்தால் மானிட்டரை இன்னும் 10 நிட் இறக்கி மறுபடி ப்ரொஃபைல் எடுங்கள். அனுப்பும் ஒவ்வொரு படத்தையும் கண்மதிப்பில் கொஞ்சம் வெளுப்பாக்கி அனுப்பும் பழக்கத்துக்குப் போகாதீர்கள், அது லேப் மாறினால் கவிழ்ந்துவிடும். சாம்பல் பட்டை பிரின்டில் மட்டும் நிறம் ஓடினால் அது லேபின் மெஷின் பிரச்சினை, தைரியமாகக் கேளுங்கள்.

மென்பொருள்களில் தொடவேண்டியதும் தொடக்கூடாததும்

போட்டோஷாப்பின் கலர் செட்டிங்ஸில் வொர்க்கிங் ஸ்பேஸாக (படத்தின் எண்கள் எந்த நிற எல்லைக்குள் எழுதப்படுகின்றன என்பது) மானிட்டர் ப்ரொஃபைலை வைப்பது மிகப் பரவலான தவறு. அங்கே எஸ்ஆர்ஜிபி அல்லது அடோபி ஆர்ஜிபி மட்டும்தான் இருக்கவேண்டும். மானிட்டர் ப்ரொஃபைலை விண்டோஸோ மேக்கோ தானாகவே போட்டோஷாப்புக்குச் சொல்லிவிடும். லைட்ரூமில் நீங்கள் எதையும் செய்யவேண்டாம். சேமிக்கும்போது ப்ரொஃபைலைப் படத்தோடு ஒட்டும் எம்பெட் டிக் இருக்கட்டும்.

விண்டோஸ் துவங்கும்போது காலிபரேஷனைக் கார்டுக்கு ஏற்றும் ஒரு சின்ன நிரல் ஓடவேண்டும். அது ஓடினால் லாகின் ஆனதும் திரையின் நிறம் லேசாக மாறுவதைக் காணலாம். சில கேம்களும் ஸ்லீப்பிலிருந்து எழுவதும் அதைக் கலைத்துவிடுவது உண்டு. ஃபயர்ஃபாக்ஸ், ப்ரொஃபைல் ஒட்டிய படங்களுக்கு மட்டும்தான் இயல்பாக நிற நிர்வாகம் செய்யும். அதன் உள் அமைப்பில் கலர் மேனேஜ்மென்ட் மோடை 1 என்று மாற்றினால் எல்லாப் படங்களுக்கும் செய்யும்.

மயில் கழுத்தும் அரக்கும்

இத்தனை செய்தும் சில புடவைகள் பிடிகொடுக்காது. பாவும் ஊடையும் வேறுவேறு நிறமாக நெய்த மயில் கழுத்து நிறப் பட்டு அப்படிப்பட்டது. கோணத்துக்குக் கோணம் நீலமும் பச்சையுமாக மாறும் அதன் ஆழ்ந்த நீலப்பச்சை, எஸ்ஆர்ஜிபி எல்லைக்கு வெளியே போகக்கூடிய நிறம். 1998-இல் வந்த அடோபி ஆர்ஜிபி, எஸ்ஆர்ஜிபியைவிட விரிவது பெரும்பாலும் இந்தப் பச்சை-சயான் பக்கத்தில்தான். எஸ்ஆர்ஜிபி மானிட்டரில் அதைப் பார்க்கவே முடியாது. திரையில் இல்லாத நிறத்தைக் காலிபரேஷன் உண்டாக்காது.

இங்கே கண்ணைவிட எண் உதவும். இன்ஃபோ பேனலைத் திறந்து புடவையின் மேல் கர்சரை நகர்த்துங்கள். மயில் கழுத்துப் பகுதியில் சிவப்பு எண் பரவலாக 0 என்று காட்டினால் அந்த இடத்தில் நெசவின் விவரம் போய்விட்டது. சாச்சுரேஷனைச் சயான் பக்கம் மட்டும் மெல்லக் குறைத்துக்கொண்டே வாருங்கள். சிவப்பு எண் 5, 10 என்று உயிர்பெறும் இடத்தில் பட்டின் மடிப்புகள் திரும்ப வரும். அரக்குப் புடவையில் இதற்கு நேர்மாறு: மேடை விளக்கில் சிவப்பு 255-இல் முட்டி நின்று, புடவை ஒரே சிவப்புத் திட்டாகிவிடும். அங்கே சிவப்பின் லூமினன்ஸையும் சாச்சுரேஷனையும் சேர்த்து இறக்கவேண்டும். கொஞ்சம் நிறம் விட்டுக்கொடுத்தாலும் நெசவும் ஜரிகையும் தெரிகிற புடவையைத்தான் வீட்டுக்காரர்கள் தங்கள் புடவை என்று ஒப்புக்கொள்கிறார்கள்.

லேபிடம் அவர்கள் பேப்பருக்கான ஐசிசி ப்ரொஃபைல் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். போட்டோஷாப்பில் ப்ரூஃப் செட்டப்பில் அதைத் தேர்ந்தெடுத்து, கண்ட்ரோலோடு ஒய் அழுத்தினால் பிரின்டில் படம் எப்படி வரும் என்று திரையிலேயே பார்க்கலாம். ஷிஃப்டும் சேர்த்து அழுத்தினால் பேப்பரில் வராத நிறங்கள் சாம்பல் திட்டாகத் தெரியும். லைட்ரூமின் டெவலப் பகுதியில் எஸ் எழுத்து இதே வேலையைச் செய்யும். லேப் ப்ரொஃபைல் தரவில்லை, எஸ்ஆர்ஜிபிதான் கேட்கிறது என்றால் எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றியே அனுப்புங்கள். அடோபி ஆர்ஜிபி ஃபைலை நிற நிர்வாகம் இல்லாத மெஷினில் போட்டால் முகங்கள் வெளிறிப்போகும்.

லேப்டாப்பும் இரண்டாவது மானிட்டரும்

விலை குறைந்த லேப்டாப் திரைகள் பலவற்றில் 45 சதவீதம் என்டிஎஸ்சி (பழைய டிவி தரத்தின் நிற எல்லை) என்று எழுதியிருக்கும். எஸ்ஆர்ஜிபியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு அது. சிவப்பெல்லாம் செங்கல் நிறமாக நிற்கும். அதைக் காலிபரேட் செய்தால் சாம்பல் சரியாகும், புடவை சரியாகாது. படங்களைத் தேர்ந்தெடுக்கவும் கிராப் செய்யவும் அதை வைத்துக்கொண்டு, நிற வேலையை எஸ்ஆர்ஜிபி முழுதும் காட்டும் ஓர் ஐபிஎஸ் மானிட்டரில் செய்யுங்கள். கருவிக்கும் மானிட்டருக்கும் சேர்த்துப் பணம் போதவில்லை என்றால் முதலில் அந்த மானிட்டர், கருவி பிறகு.

இரண்டு மானிட்டர் வைத்திருப்பவர்கள் ஒவ்வொன்றுக்கும் தனி ப்ரொஃபைல் எடுக்கவேண்டும். பேக்லைட் வகை வேறாக இருந்தால் எண்கள் ஒத்துப்போனாலும் வெள்ளை பக்கத்தில் பக்கத்தில் வேறாகத் தெரியலாம். முக்கிய மானிட்டரை எண்களுக்குச் சரியாக வைத்து, அடுத்ததன் வெள்ளையை அதைப் பார்த்துக் கண்ணால் இணைத்துக்கொண்டு, அந்த நிலையிலேயே ப்ரொஃபைல் எடுப்பது வழி. தீர்மானங்கள் எல்லாம் ஒரே திரையில் மட்டும்.

மறுபடி எப்போது

புது மானிட்டருக்கு முதல் சில மாதங்கள் மாதம் ஒருமுறை, பிறகு ஆறேழு வாரத்துக்கு ஒருமுறை போதும். முகூர்த்த சீசன் துவங்கும் முன், பெரிய ஆல்பம் அனுப்பும் முன், அறை விளக்கு மாற்றினால், கிராஃபிக்ஸ் டிரைவர் புதுப்பித்தால் கட்டாயம் செய்யுங்கள். பேக்லைட் வயதாக ஆக வெளிச்சம் குறையும், 100 நிட்டுக்கு மானிட்டர் பிரைட்னஸை ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூட்டவேண்டி வரும். பின்னால் ஒட்டிய காகிதத்தில் தேதியோடு அந்த எண்ணையும் எழுதிக்கொண்டே வாருங்கள். பிரைட்னஸை 90-க்கு மேல் ஏற்றியும் 100 நிட் எட்டவில்லை, அல்லது வெள்ளையை 6500-இல் நிறுத்த ஏதாவது ஒரு நிறத்தைப் பெருமளவு வெட்டவேண்டியிருக்கிறது என்ற நிலை வந்தால் அந்த மானிட்டரை பில் போடும் மேஜைக்கு மாற்றிவிட்டு எடிட்டிங்குக்குப் புதியது வாங்கவேண்டிய நேரம்.